இடிந்ததும் எஞ்சியதும்: திருமயம் கோட்டையின் நிலைபேறும் பாதுகாப்பு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்திலுள்ள கோட்டை, தமிழகத்தில் ஓரளவு முழுமையாக எஞ்சியுள்ள மலைக்கோட்டைகளுள் ஒன்று. 1687-இல் எழுப்பப்பட்ட இக்கோட்டை, 1801-க்குப் பின் தென்பாண்டிப் பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டபோதும் நிலைத்து நின்றது. இதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அரண் குறித்த தமிழ் இலக்கண மரபு, திருமயம் குடைவரைகளின் கல்வெட்டுச் செய்திகள், கோட்டையின் அமைப்பு, பாஞ்சாலங்குறிச்சியோடு ஒப்பீடு, மக்கள் வழக்கிலுள்ள பெயர், இன்றைய தொல்லியல் சட்டம் ஆகியவை வரிசையாக நோக்கப்படுகின்றன. ஒவ்வொரு காலத்திலும் காத்தவர் தமக்குப் பயன்பட்டதையே காத்தனர்; பயன்படாததைக் கைவிட்டனர் அல்லது அழித்தனர் என்பதும், இன்றைய பாதுகாப்பு கோட்டையின் வெளிச்சுற்றுகளை உள்ளடக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: திருமயம், திருமெய்யம், அரண், உழிஞை, சேதுபதி, தொண்டைமான், பாஞ்சாலங்குறிச்சி, புதுக்குதல், தொல்லியல் பாதுகாப்பு.

1. முன்னுரை

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், திருமயம் குன்றும் அதனைச் சூழ்ந்த மதிலும் தோன்றுகின்றன. திருமெய்யம் என்ற பெயரே திருமயம் என மருவிற்று. மெய்ம்மலை என்னும் பொருளில் வடமொழியில் இக்குன்றைச் சத்தியகிரி என்பர். குன்றின் தென் அடிவாரத்தில் சத்தியகிரீசுவரர் குடைவரையும் சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரையும் அமைந்துள்ளன. திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற இத்தலம் 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்று.

திருமயம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு வழிகளில் அமைந்துள்ளன. குடைவரைகளையும் சிற்பங்களையும் கலை வரலாற்று நோக்கில் ஆராய்வது ஒன்று. கோட்டையைச் சேதுபதி, தொண்டைமான் அரசியல் வரலாற்றின் பகுதியாகக் கூறுவது மற்றொன்று. குன்று, குடைவரை, மதில் ஆகிய மூன்றையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு, இவை எவ்வாறு இன்றுவரை வந்து சேர்ந்தன என்ற வினா விரிவாக எழுப்பப்படவில்லை. ஒரு கட்டடம் எப்போது கட்டப்பட்டது என்று கேட்பது போலவே, அது ஏன் இடிக்கப்படவில்லை என்று கேட்பதும் வரலாற்று வினாவே. அவ்வினாவை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அரண் குறித்த தமிழ் மரபு

அரண் என்பதைத் தமிழ் மரபு கட்டடமாக மட்டும் கொள்ளவில்லை. திருக்குறளின் 75-ஆம் அதிகாரமாகிய அரண், நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணின் உறுப்புகளாகக் கூறுகிறது. உயரம், அகலம், திண்மை, அணுகற்கருமை ஆகியவை மதிலுக்குரிய இயல்புகள் என்கிறது. அதிகாரத்தின் இறுதியில், எத்தகைய சிறப்பு வாய்ந்த அரணும் வினைத்திறன் இல்லாதவரிடத்தில் பயனற்றதாகும் என்னும் கருத்து வருகிறது. மதிலின் மதிப்பு அதனைக் காப்பவரிடத்தில் உள்ளது என்பதே இதன் சாரம்.

மதில், எயில், இஞ்சி, புரிசை, ஞாயில், கொத்தளம், கிடங்கு, அகழி எனக் கோட்டையின் உறுப்புகளுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தொல்காப்பியம் மதிலை முற்றுதலையும் கைக்கொள்ளுதலையும் உழிஞைத் திணையாக வகுத்து, உள்ளிருந்து காத்தலையும் அதனுள் அடக்கிற்று. புறப்பொருள் வெண்பாமாலை காத்தலை நொச்சி எனத் தனித் திணையாக்கிற்று. எனவே முற்றுதல், காத்தல் ஆகிய இரண்டுக்கும் இலக்கண இடம் உண்டு.

மூன்றாவது நிலையொன்றும் இம்மரபில் உள்ளது. அது வென்ற மதிலை அழித்து, அந்நிலத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுதல். முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 15-ஆம் பாடல் இச்செயலைக் கூறுகிறது. வெண்பாமாலையின் உழிஞைப் படலத்தில் உழுது வித்திடுதல் ஒரு துறையாகவே அமைந்துள்ளது. இடித்தல் என்பது போரின் தற்செயலான விளைவன்று; பகைவரின் நினைவையும் நிலத்திலிருந்து நீக்கும் வினை அது என்பதை இத்துறை உணர்த்துகிறது. கோட்டைகளின் பிற்கால வரலாற்றை நோக்குங்கால் இத்துறையின் தொடர்ச்சி தெளிவாகப் புலப்படும். அது 6-ஆம் பகுதியில் விளக்கப்படும்.

3. கோட்டைக்கு முன்: புதுக்குதலும் உடன்படிக்கையும்

மதில் எழுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே திருமயம் குன்றில் காத்தல் பணி தொடங்கிவிட்டது. பெருமாள் குடைவரையிலுள்ள பள்ளிகொண்ட திருமால் சிற்பத் தொகுதி இந்தியாவின் மிகப் பெரிய அனந்தசயனச் சிற்பங்களுள் ஒன்று. தேவர்களும் முனிவர்களும் சூழ, ஆதிசேடனின் சீற்றத்தால் மதுவும் கைடபரும் அஞ்சி விலகும் காட்சி பாறையிலேயே வடிக்கப்பட்டுள்ளது. சிவன் குடைவரையில் இலிங்கோற்பவர் உருவம் பெரிய அளவில் குடையப்பட்டுள்ளது.

பெருமாள் கோயிலிலுள்ள பழைய கல்வெட்டொன்று, விழுப்பேரதியரையன் என்னும் பட்டமுடைய சாத்தன் மாறனின் தாய் பெரும்பிடுகு பெருந்தேவி இக்கோயிலைப் புதுக்கி, அதற்குக் கொடை வழங்கிய செய்தியைத் தருகிறது. முத்தரையர் குடியோடு தொடர்புடைய இக்கல்வெட்டு எழுத்தமைதியால் 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படுகிறது. இங்குக் கருதத்தக்கது, திருமயத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, கோயிலைத் தோற்றுவித்த செய்தியைக் கூறாமல் புதுக்கிய செய்தியைக் கூறுவதாகும். புதுக்குதலோடு கொடையும் சேர்ந்தே வருகிறது. கட்டடத்தைச் செப்பனிடுவது மட்டும் போதாது. அதனைத் தொடர்ந்து நடத்துவதற்கான வருவாயும் வேண்டும் என்னும் நடைமுறை அறிவு இதில் உள்ளது.

இரண்டாவது சான்று 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிவன் கோயிலாருக்கும் பெருமாள் கோயிலாருக்கும் இடையே நெடுநாள் நிலவிய வழக்கு, பாண்டியர் காலத்தில், 1245-ஆம் ஆண்டளவில், போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னிலையில் தீர்க்கப்பட்டது. ஒரே பாறையைப் பகிர்ந்துகொண்ட இரு கோயில்களின் வருவாயும் உரிமைகளும் பகுக்கப்பட்டன. அத்தீர்வு கல்லில் பொறிக்கப்பட்டது. இரு கோயில்களும் இன்றுவரை அடுத்தடுத்து வழிபாட்டில் இருப்பதற்கு இவ்வுடன்படிக்கையும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் இக்காலத்து நடந்த இழப்பொன்றையும் குறிப்பிட வேண்டும். சிவன் குடைவரையில், குடுமியான்மலைக் கல்வெட்டைப் போன்ற இசைக் கல்வெட்டு ஒன்று பழைய கிரந்த எழுத்தில் இருந்தது. அதன் பெரும்பகுதி அழிக்கப்பட்டு, அவ்விடத்தில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு பொறிக்கப்பட்டது. பரிவாதினி என்னும் யாழ்ப்பெயர் உள்ளிட்ட சில சொற்களும் துண்டுகளுமே இன்று எஞ்சியுள்ளன. குடுமியான்மலையில் முழுமையாகக் கிடைத்த இசைக் கல்வெட்டோடு ஒப்பிட்டு ஆராயத்தக்க சான்று இவ்வாறு இழக்கப்பட்டது. இதனைச் செய்தோர் கோயிலின் பகைவர் அல்லர். கோயிலின் உரிமைகளைக் கல்லில் நிலைபெறச் செய்தவர்களே. அவர்களுக்குத் தேவைப்பட்டது எழுதுவதற்கான பரப்பு. அப்பரப்பிலிருந்த இசைக் குறிப்பு அவர்களுக்குப் பயனற்றதாய் இருந்தது. காத்தல் என்னும் செயலுக்குள்ளேயே அழித்தலும் அடங்கியிருப்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

4. கோட்டையின் தோற்றமும் அமைப்பும்

கோட்டை 1687-இல் இராமநாதபுரம் சேதுபதியால் கட்டப்பட்டது. கையேடுகள் பலவும் கட்டியவரை விஜயரகுநாத சேதுபதி என்று குறிக்கின்றன. 1687 என்பது கிழவன் சேதுபதி என அறியப்படும் இரகுநாத சேதுபதியின் ஆட்சிக்குள் அடங்கும் ஆண்டு. முத்து விஜயரகுநாத சேதுபதி 1710-இல் கிழவன் சேதுபதி மறைந்த பின்னரே ஆட்சிக்கு வந்தவர். ஆகவே ஆண்டையும் பெயரையும் ஒருங்கே எடுத்தாள்வோர், விஜயரகுநாதர் என்பதைக் கிழவன் சேதுபதிக்குரிய சிறப்புப் பெயராகவே கொள்ள வேண்டும். அடுத்து வந்த மன்னராகக் கொள்ளின் ஆண்டு பொருந்தாது.

சேதுபதி நாட்டின் வட எல்லையில் தஞ்சை மராட்டியரை எதிர்நோக்கிய நிலையில் திருமயம் அமைந்திருந்தது. கிழவன் சேதுபதி காதலி நாச்சியாரை மணந்து, அவர் உடன்பிறந்தாரான இரகுநாதராயத் தொண்டைமானைப் புதுக்கோட்டைப் பகுதியின் தலைவராக்கினார். திருமயம் கோட்டையும் புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசும் ஒரே சேதுபதியின் காலத்தில், ஒரே எல்லைப்புறத்தில் தோற்றம் பெற்றவை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கோட்டை ஏறத்தாழ 40 ஏக்கர் பரப்புடையது. வட்ட வடிவில் குன்றைச் சுற்றி அமைந்தது. தொடக்கத்தில் 7 சுற்று மதில்களும் அவற்றைச் சூழ அகன்ற அகழியும் இருந்தன. அவற்றுள் உட்சுற்றுகளே இன்று எடுப்பாக நிற்கின்றன. வெளிச்சுற்றுகளின் தடங்கள் சிதைந்த நிலையில் கோட்டைக்கு வெளியே சிறிது தொலைவுவரை காணப்படுகின்றன. மதிலின் அடிப்பகுதி கருங்கல்லால் ஆனது. அதன்மேல் செங்கல்லாலான கைப்பிடிச் சுவர், துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகளுடன் அமைந்துள்ளது. சங்க இலக்கியம் கூறும் ஞாயில் அம்பெய்வோர்க்கு உரியது. இங்குள்ள துளைகள் வெடிமருந்துக் காலத்தின் தேவைக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை.

வடக்கு, தெற்கு, தென்கிழக்கு ஆகிய திசைகளில் வாயில்கள் அமைந்தன. தெற்கு வாயிலில் அனுமன், விநாயகர், கருப்பர் ஆகிய தெய்வங்களுக்கும் வடபுறத்தில் பைரவருக்கும் வழிபாட்டிடங்கள் உள்ளன. குன்றின் மேலே செல்லும் வழியில் வெடிமருந்து வைக்கும் அறையும், மேற்குச் சரிவில் இலிங்கம் அமைந்த சிறு குடைவரையும், உச்சியில் மேடைமீது பீரங்கியும் உள்ளன. பாறையின் இயற்கைப் பள்ளத்தில் நீர் தேங்கும் சுனையும் மேலே உண்டு. அடிவாரத்தில் பெருமாள் கோயிலின் எண்கோண வடிவிலான சத்திய புட்கரணி உள்ளது.

குறள் கூறும் அரண் உறுப்புகளுள் மலையும் நீரும் திருமயத்தில் இயற்கையாகவே அமைந்திருந்தன. மேலேயும் கீழேயும் நீர்நிலை உடைய குன்று நெடுங்கால முற்றுகையைத் தாங்கவல்லது. சேதுபதி புதிதாகச் சேர்த்தது மதிலும் அகழியுமே. ஆகவே கோட்டையைக் குன்றிலிருந்தும், குன்றைக் குடைவரையிலிருந்தும் பிரித்து நோக்குவது அமைப்பு வகையிலும் பொருந்தாது.

5. முற்றுகையிலிருந்து நட்புறவுக்கு

கிழவன் சேதுபதிக்குப் பின் சேதுபதி அரியணைக்கு எழுந்த போட்டியில், 1720-களில், தண்டத் தேவருக்குத் தொண்டைமான் துணைநின்றார். அதன் பயனாகத் திருமயம் பகுதி தொண்டைமான் வசமாயிற்று. 1733-இல் தஞ்சை மராட்டியரின் தளபதி ஆனந்தராவ் தொண்டைமான் நாட்டினுள் புகுந்து அதன் பெரும்பகுதியைக் கைப்பற்றினார். அப்போது ஆட்சியிலிருந்த விஜயரகுநாதராயத் தொண்டைமான் திருமயம் கோட்டையில் தங்கி எதிர்த்து நின்றார். ஏறத்தாழ ஓராண்டு நீடித்த முற்றுகையிலும் கோட்டை வீழவில்லை. ஓர் அரசு முழுவதும் ஒரு கோட்டைக்குள் சுருங்கி உயிர்பிழைத்த நிகழ்வு இது. உழிஞையும் நொச்சியும் ஒருங்கே நிகழ்ந்த இம்முற்றுகையே திருமயத்தின் போர் வரலாற்றில் தலைசிறந்தது.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் தொண்டைமான் அரசு ஆங்கிலேயரின் பக்கம் நின்றது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பிய வீரபாண்டிய கட்டபொம்மன், புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த திருக்களம்பூர்ப் பகுதியில் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். இந்நட்புறவின் தொடர்ச்சியாக 1803-இல் கும்பெனியார் கீழாநிலைக் கோட்டையையும் அதனைச் சார்ந்த பகுதியையும் தொண்டைமானுக்கு அளித்தனர்.

6. பாஞ்சாலங்குறிச்சியும் திருமயமும்

திருமயம் கோட்டை எஞ்சியதன் காரணத்தை அறியப் பாஞ்சாலங்குறிச்சியோடு ஒப்பிடுவது இன்றியமையாதது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிய ஊமைத்துரை, 1799-இல் சிதைக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மிகக் குறுகிய காலத்தில் மண்ணால் மீண்டும் எழுப்பினார். கருங்கல் மதில் இல்லாத அக்கோட்டை ஆங்கிலேயரின் தாக்குதல்களை முறியடித்தது. மேஜர் மெக்காலேயின் படை 1801 மார்ச் இறுதியில் தோல்வியுற்றுப் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பின்னர், 1801 மே 24 அன்றே கோட்டை வீழ்ந்தது. சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்ட ஊமைத்துரை, பின்னர்ப் பிடிபட்டு 1801 நவம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்.

வெற்றிக்குப் பின் ஆங்கிலேயர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். அந்நிலம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டதாக வட்டார வரலாறுகள் கூறும். 1801 டிசம்பரில் வெளியான சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு, தென்பகுதிப் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. உழுது வித்திடுதல் என்று பழைய இலக்கணம் பெயரிட்ட வினை, புதிய ஆட்சியாளரின் கையில் நிர்வாக ஆணையாக வடிவெடுத்தது. சங்கப் பாடலைக் கும்பெனிப் படைத்தலைவர்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை. கோட்டை என்பது கல்லும் மண்ணும் மட்டுமன்று, அது ஒரு குடியின் ஆட்சியுரிமை என்பதை இரு காலத்தவரும் ஒருபடியே உணர்ந்திருந்தனர்.

இப்பின்னணியில் திருமயத்தின் நிலை விளங்குகிறது. மண்கோட்டை இடிந்தது, கற்கோட்டை நின்றது எனக் கட்டுமானப் பொருளைக் காரணமாகக் காட்டுவது போதாது. சில மாதங்கள் பீரங்கியைத் தாங்கிய மண்கோட்டை பொருளின் வலுவின்மையால் மறையவில்லை. இடிக்க வேண்டும் என்ற முடிவினால் மறைந்தது. திருமயம் கோட்டை நின்றதற்கும், அதனை இடிக்க யாரும் முடிவு செய்யாமையே முதற்காரணம். அது ஆங்கிலேயரின் நட்பு அரசுக்கு உரியதாயிருந்தது. மன்னராட்சிப் பகுதி என்ற நிலையில் புதுக்கோட்டை 1948 மார்ச் மாதம் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை தொடர்ந்தமையால், 1801-இன் இடிப்பாணை அதன் எல்லைக்குள் செல்லவில்லை. திருமயம் மதிலின் நிலைபேறு, பாஞ்சாலங்குறிச்சியின் அழிவுக்குக் காரணமான அதே அரசியல் உறவின் மறுபக்கம் என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று காணப்படுவது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. அங்கே நினைவு முன்னும் கட்டடம் பின்னும் தோன்றின. திருமயத்தில் கட்டடம் எஞ்சியது. அதன்மீது வேறொரு நினைவு வந்து படிந்தது.

7. ஊமையன் கோட்டை என்னும் பெயர்

திருமயம் கோட்டையை மக்கள் ஊமையன் கோட்டை என்று வழங்குகின்றனர். இப்பெயர் ஊமைத்துரையைக் குறிப்பதாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஊமைத்துரை இக்கோட்டையைக் கட்டியவரும் அல்லர். இதனை ஆண்டவரும் அல்லர். அவருடைய தமையனைப் பிடித்து ஒப்படைத்த அரசுக்கு உரியதாய் இருந்த கோட்டை இது. எனவே ஆவண வரலாற்றின்படி நோக்கின், பெயரும் பொருளும் முரண்படுகின்றன.

இப்பெயரைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அவ்வாறு ஒதுக்கினால் ஒரு சான்று இழக்கப்படும். தன் கோட்டை உழப்பட்டு மறைக்கப்பட்ட வீரனுக்கு, எஞ்சி நிற்கும் கோட்டையொன்றை மக்கள் பெயரளவில் வழங்கினர் என்று இவ்வழக்கைப் பொருள்கொள்ள இடமுண்டு. நினைவு தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். பாஞ்சாலங்குறிச்சியில் இடம் அழிக்கப்பட்டது. திருமயத்தில் இடம் இருந்தது. கோட்டையைக் கட்டியவர் பெயரோ, அதனுள் ஓராண்டு முற்றுகையைத் தாங்கியவர் பெயரோ மக்கள் வாயில் நிலைபெறாமல், அதனோடு நேரடி உரிமையில்லாதவர் பெயர் நிலைபெற்றது நாட்டார் வரலாற்றாய்வுக்குரிய பொருள். வழிகாட்டிப் பலகைகளும் சுற்றுலா நூல்களும் 1687, 1733 ஆகிய ஆண்டுகளின் வரலாற்றையும் இப்பெயரின் வரலாற்றையும் தனித்தனியே, ஒன்றையொன்று மறைக்காதவாறு தருதல் வேண்டும்.

8. பயன்பாட்டுக் காவலும் சட்டக் காவலும்

போர்ப் பயன் நீங்கிய பின் கோட்டை எவ்வாறு நிலைத்தது என்பது அடுத்த வினா. இரண்டு காவல்கள் இங்கு இயங்கின. முதலாவது வழிபாடு. குடைவரைக் கோயில்களும், வாயில் தெய்வங்களும், நெடுஞ்சாலையில் செல்வோர் வாகனத்தை நிறுத்தி வணங்கும் கோட்டை பைரவர் கோயிலும் இடையறாது மக்களை ஈர்த்தன. தெய்வம் உறையும் மதிலில் கல் பெயர்க்கத் தயங்குவர். வழிபாட்டிடத்தோடு ஒட்டிய உட்சுற்று நின்றதும், அத்தொடர்பு குறைந்த வெளிச்சுற்றுகள் சிதைந்ததும் தற்செயல் அன்று என்றே கருத வேண்டியுள்ளது.

இரண்டாவது எழுத்து. புதுக்கோட்டை அரசு 1910-இல் அருங்காட்சியகம் நிறுவியது; 1916-இல் இராதாகிருஷ்ண ஐயரின் புதுக்கோட்டை வரலாற்று நூல் வெளிவந்தது; 1929-இல் அரசின் கல்வெட்டுப் பாடங்கள் தொகுத்து அச்சிடப்பட்டன; கே. ஆர். வேங்கடராம ஐயரின் விரிவான கையேடு 1938 முதல் 1944 வரை வெளியிடப்பட்டது. ஒரு சிறிய சமஸ்தானம் தன் தொல்பொருள்களை இவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்தமை தென்னகத்தில் குறிப்பிடத்தக்கது. அழிக்கப்பட்ட இசைக் கல்வெட்டின் எஞ்சிய துண்டுகள் அறிஞர் கவனத்துக்கு வந்ததும் இத்தகைய பதிவுகளால்தான்.

விடுதலைக்குப் பின் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958-ஆம் ஆண்டின் தொல்பழஞ்சின்னங்கள் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும் இன்றைய பாதுகாப்பின் அடிப்படை. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 2020-இல் தொல்லியல் துறையின் திருச்சிராப்பள்ளி வட்டம் தோற்றுவிக்கப்பட்டமையால், நடுத் தமிழகத்துச் சின்னங்களுக்கு அண்மையிலேயே அலுவலகம் அமைந்தது.

சட்டத்தின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் அளவுகோல் கோட்டைகளைப் பொறுத்தமட்டில் ஒரு சிக்கலை உடையது. 100 மீட்டர் என்பது எல்லைக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. ஒற்றைக் கோயிலுக்கு எல்லை எது என்பதில் ஐயமில்லை. ஏழு சுற்றுடைய கோட்டைக்கு எந்தச் சுற்று எல்லை? நிற்கும் மதிலை எல்லையாகக் கொண்டால், மண்ணுள் புதைந்த வெளிச்சுற்றும் தூர்ந்த அகழியும் சின்னத்தின் பகுதியாகாமல் சின்னத்தின் சுற்றுப்புறமாகிவிடும். சுற்றுப்புறத்தில் கட்டடம் எழாமல் தடுக்கலாம். அதனைச் சின்னமாகப் பேண வேண்டிய கடமை எழாது. ஏழு என்னும் எண்ணே காலப்போக்கில் சான்றற்ற கூற்றாக மாறக்கூடும்.

பழுதுபார்ப்பு முறையிலும் இதே வினா எழுகிறது. பிரான்சு நாட்டின் கர்க்கசோன் கோட்டையை 1853 முதல் வியோலே-ல-தியூக் செப்பனிட்டபோது, இழந்த உறுப்புகளைக் கற்பனையால் நிரப்பினார் என்ற குறைகூறல் எழுந்தது. இந்தியாவில் ஜான் மார்ஷலின் 1923-ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் கையேடு அவ்வழியை விலக்கி, உள்ளதை உள்ளவாறு காத்தலையே வலியுறுத்திற்று. தமிழ்நாட்டுக் கோயில் மரபோ பெரும்பிடுகு பெருந்தேவியின் காலம் முதல் புதுக்குதலைச் சார்ந்தது. திருமயம் குன்றில் இவ்விரு நெறிகளும் சில அடி தொலைவில் அருகருகே இயங்குகின்றன. வழிபாடு நிகழும் கோயிலில் புதுக்குதல் தொடரும். மதிலில் உள்ளதைக் காத்தலே பொருந்தும். கருங்கல் மதிலின்மேல் அமைந்த செங்கற் சுவரைச் சிமெண்டால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உள்ளிருந்து உதிரும். சுண்ணாம்புக் காரையே அதற்கு ஏற்றது. மதிலிடுக்கில் வேர்விடும் அரசும் ஆலும் முளைநிலையிலேயே அகற்றப்படாவிட்டால், பீரங்கி செய்யாததை வேர் செய்துவிடும்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

அ. திருமயத்தில் காத்தல் என்பது புதுக்குதல், உடன்படிக்கை, அரசியல் நட்பு, வழிபாடு, பதிவு, சட்டம் எனப் பல வடிவங்களில் தொடர்ந்து வந்துள்ளது. எந்த வடிவமும் முழுமையானதன்று. 13-ஆம் நூற்றாண்டின் காவலர் கோயிலுரிமையைக் காத்து இசைக் கல்வெட்டை இழந்தனர். பிற்காலத்தார் உட்சுற்றைக் காத்து வெளிச்சுற்றுகளை இழந்தனர்.

ஆ. கோட்டை எஞ்சியமைக்குக் கட்டுமான வலிமையைக் காட்டிலும், 1801-இன் இடிப்பாணை எட்டாத அரசியல் எல்லைக்குள் அது இருந்தமையே முதன்மைக் காரணம். பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்து நோக்கினாலன்றித் திருமயம் கோட்டையின் நிலைபேறு விளங்காது.

இ. ஊமையன் கோட்டை என்னும் வழக்கு கட்டட வரலாற்றுக்குச் சான்றாகாது. இடமிழந்த நினைவு வேறிடம் தேடியதற்குச் சான்றாகும்.

ஈ. கோட்டையின் வெளிச்சுற்றுகளையும் அகழியையும் அளந்து வரைபடமாக்குவது உடனடித் தேவை. சமஸ்தான காலத்து நிலவரிப் பதிவேடுகள், இனாம் ஆவணங்கள், புலப்படங்கள், ஊர்மக்கள் வழங்கும் இடப்பெயர்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒவ்வொரு சுற்றின் தடத்தையும் உறுதிசெய்யலாம். இது தொல்லியலாருக்கு மட்டுமுரிய பணியன்று. இடப்பெயராய்வும் ஆவணப் படிப்பும் அறிந்த தமிழ்த் துறையினர் மேற்கொள்ளத்தக்க கள ஆய்வாகும்.

இசைக் கல்வெட்டை அழித்தோர் தாம் இழப்பது இன்னதென்று அறிந்திருக்கவில்லை. வெளிச்சுற்றுகளைப் பொறுத்தமட்டில் இன்றைய ஆய்வுலகம் அவ்வாறு கூற இயலாது. இழக்கப்படுவது எது என்பது தெரிந்தே உள்ளது. எஞ்சிய தடங்கள் நிலத்தில் தெரியும்போதே அவற்றை ஆவணத்தில் சேர்த்தல் இத்தலைமுறையின் கடமையாகும்.